முதலில் இடத்தை ஒழுங்கு செய்வோம்
(இலவசக் கணினிப் பயிற்சித் தொடக்க நாளில் ஆற்றிய உரை)



நாம் கற்கப்போகும் பைத்தான் மொழி 1991-இல் வெளிவந்தது. அன்றுமுதல் இன்றுவரை இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆனாலும் பிள்ளைகள் சிலர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மொழி கடினம் என்பதால் அல்ல. நிறுவும்போதே சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வருகிறது. "நமக்கு இது வராது" என்று மனம் உடைந்துபோகிறார்கள். அது அறிவுக் குறைவு அல்ல. வேலை செய்யும் இடம் ஒழுங்காக அமையவில்லை, அவ்வளவுதான்.

பைத்தானை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால், பைத்தான் கணினியில் இருந்தும் கட்டளைத் திரை அதைக் காணவில்லை என்று சொல்லக்கூடும்.

அடுத்தது மிக முக்கியம். வீட்டில் பாட்டியின் மருந்தையும் பேரனின் மருந்தையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்போமா? அதுபோலத்தான் இதுவும். ஒரு புராஜெக்டுக்கு ஒரு தொகுப்பின் பழைய பதிப்பு வேண்டும். இன்னொன்றுக்குப் புதியது வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும். ஆகவே ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிச் சூழல் அமைக்க வேண்டும். அதற்கான 'வென்வ்' என்ற கருவி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. சூழலை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, பிறகே 'பிப்' கொண்டு தொகுப்புகளை நிறுவுங்கள். தொகுப்பின் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தீய நிரல்களை வைப்பவர்களும் உண்டு.

இங்கே செய்த வேலையைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வீர்கள். அந்தச் சூழல் ஃபோல்டரை மட்டும் நகலெடுக்காதீர்கள். அது உருவான கணினிக்கே உரியது, வேறிடத்தில் ஓடும் என்று நம்ப முடியாது. 'பிப் ஃப்ரீஸ்' என்ற கட்டளையால் தொகுப்புகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நிரலும் அந்தப் பட்டியலும் போதும். வீட்டில் புதுச் சூழல் அமைத்துவிடலாம். வீட்டில் இணையம் இல்லையா? 'பிப் டவுன்லோட்' மூலம் தொகுப்புகளை இங்கேயே இறக்கி எடுத்துச் செல்லலாம். இரண்டு கணினியிலும் விண்டோஸ் போன்ற இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும்.

நாளை வேலைக்கான நேர்காணலில் "உங்கள் புராஜெக்டை இந்தக் கணினியில் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். அன்று கைகொடுப்பது இந்தச் சின்னப் பட்டியல்தான்.

பெற்றோர்களே, முதல் இரண்டு நாள் பிள்ளை எதையும் செய்து காட்டவில்லையே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அஸ்திவாரம் வெளியே தெரியாது.

பிள்ளைகளே, பிழை வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அப்படியே படம் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.