தொடையில் கட்டும் பட்டை: யாருக்கு, எவ்வளவு இறுக்கம்?

(நம் கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலை நடந்த உடல்நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பிசியோதெரபிஸ்ட் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் யாராவது முழங்காலைக் காட்டுகிறீர்கள். அதனால்தான் செயலாளர், "ஒரே தடவையில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் நம் ஜிம்மில் நான் பார்த்த ஒரு காட்சி. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆன ஒருவர், ரப்பர் பேண்டைத் தொடையில் நான்கு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஏதோ வீடியோவில் பார்த்தாராம். கெண்டைக்கால் வீங்கியிருந்தது; தொட்டால் சூடு. "பயிற்சி செய்த வலிதான் சார்" என்றார். வற்புறுத்தி அன்று மாலையே ஸ்கேனுக்கு அனுப்பினேன். காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி.

அது பட்டையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, பட்டையே கட்டாதவர்களுக்கும் ரத்தக்கட்டி வருவதுண்டு. ஆனால் அந்தக் காலில் இறுக்கிக் கட்டி மிதித்திருக்கிறார். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இப்போது மாத்திரை சாப்பிட்டு நலமாக இருக்கிறார். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இதைக் கேட்டு அந்த வீடியோவே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். முறை உண்மையானது. இரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்று பெயர். எங்கள் துறையில் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து பி.எஃப்.ஆர். என்போம்.

ஜப்பானில் யோஷியாகி சாட்டோ என்பவர் 1966-ல், தன் 18 வயதில், ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் குதிகால் மேல் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட நம் வஜ்ராசனம்தான். கெண்டைக்கால் மரத்துப்போய் விண்ணென்று தெறித்தது. குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பயிற்சி செய்த பிறகு வரும் அதே உணர்ச்சி. ரத்த ஓட்டம் தடைபட்டதுதான் காரணமோ என்று யோசித்தார். பிறகு பல ஆண்டுகள் சைக்கிள் டியூபையும் பெல்ட்டையும் தன் உடம்பிலேயே கட்டிப் பார்த்தார். 1973-ல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோது, இதே முறையில் தன் தசையைக் காப்பாற்றிக்கொண்டார் என்பது அவர் சொல்லும் கதை. ஜப்பானில் இதற்கு 'காட்சு' என்று பெயர்.

இது எதற்குத் தேவை? படுக்கையில் கிடந்தால் தசை கரைகிற வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். 2007-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. ஆபரேஷன் ஆன முழங்காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூட்டு வீங்கியிருக்கும்வரை முன்தொடைத் தசைக்கு நரம்பு சரியாக உத்தரவு கொடுக்காது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, படி இறங்கும்போது முழங்கால் மடங்கிவிடுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்தத் தசையின் பலவீனம்தான்.

தசை வளர வேண்டுமென்றால், ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 70 சதவீதமாவது தூக்கிப் பழக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் கால் 20 கிலோவைத் தூக்கும் என்றால் 14 கிலோ. தையல் ஆறாத மூட்டு, புதிதாகப் பொருத்திய தசைநார், தேய்ந்த முழங்கால் இதைத் தாங்காது. பட்டை கட்டினால் 20 முதல் 30 சதவீதம், அதாவது 4 முதல் 6 கிலோ போதும்.

எப்படி? பட்டை தொடையின் மேற்பகுதியில் இருக்கும். கீழே வரும் ரத்தம் குறைவாக வந்துகொண்டே இருக்கும். மேலே திரும்பும் ரத்தம் தேங்கும். பிராணவாயு குறைந்து, கழிவுப் பொருள்கள் சேர, தசை சீக்கிரம் களைத்துப்போகும். அப்போது, கனமான எடைக்காகக் காத்திருக்கும் பெரிய தசை இழைகளும் வேலைக்கு வந்துவிடும். எடை சிறியது, ஆனால் தசைக்குப் பெரிய வேலை. மூட்டுக்குச் சிறிய எடை மட்டுமே.

பொதுவாக முதலில் 30 தடவை, பிறகு மூன்று முறை 15, 15 தடவை. மொத்தம் 75. இடையில் அரை நிமிடம் ஓய்வு. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். கடைசிப் பதினைந்தில் தொடை எரியும். அது இயல்பு. மரத்துப்போவதும், பாதம் வெளுப்பதும் நீலமாவதும் இயல்பல்ல. உடனே பட்டையை அவிழ்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம், இறுக்கம். உங்கள் காலில் ரத்த ஓட்டம் முழுதாக நிற்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை, பாதத்து நாடியை டாப்ளர் கருவியில் கேட்டபடி முதலில் அளப்போம். ஒருவருக்கு அது 180 என்றால், 60 சதவீதம், அதாவது 108 வைப்போம். தொடைக்கு 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கைக்கு இன்னும் குறைவு. பருத்த தொடைக்கும் மெலிந்த தொடைக்கும், அகலப் பட்டைக்கும் குறுகிய பட்டைக்கும் எண் மாறும். ரப்பர் பேண்டில் எந்த எண்ணைப் பார்ப்பீர்கள்? "பத்துக்கு ஏழு இறுக்கம்" என்று அந்த வீடியோவில் சொன்னார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜப்பானில் பயிற்சியாளர்களின் மேற்பார்வையில் செய்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பு 2006-ல் வந்தது. நூற்றில் பதின்மூன்று பேருக்குத் தோலுக்கடியில் ரத்தம் கன்றியது. ரத்தக்கட்டி மிக மிக அரிது. தெரிந்தவர்கள் கையில் இது பாதுகாப்பானது என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், கட்டுப்படாத பிபி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கால் ரத்தக்குழாய் அடைப்பு அல்லது மோசமான வெரிகோஸ் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா வைத்திருப்பவர்கள் அந்தக் கையில் எதையும் கட்டக் கூடாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கட்டாயம் முதலில் சொல்லிவிட வேண்டும். மரத்துப்போவதே உங்களுக்குத் தெரியாது. ஆபரேஷன் ஆனவர்கள் உங்கள் சர்ஜனிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கூட்டத்தில் வந்த இரண்டு கேள்விகள்.

"வீட்டு பிபி மெஷினின் பட்டையைத் தொடையில் கட்டலாமா?" கூடாது. அது கைக்கு அளவெடுத்தது. தவிர, அது ரத்தத்தை முழுதாக நிறுத்தி, தானே விட்டுவிடும். ஒரே அளவில் பிடித்துவைக்கத் தெரியாது.

"எனக்கு 70 வயது. ஆபரேஷன் ஏதும் இல்லை, தொடை மெலிந்துவிட்டது. நான் செய்யலாமா?" அம்மா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார முடிகிறதா? முடிந்தால் உங்களுக்குப் பட்டையே வேண்டாம். அதையே தினம் செய்யுங்கள், மெல்ல மெல்லக் கூட்டுங்கள். எடையைத் தாங்கக்கூடிய மூட்டுக்கு எடைதான் நல்லது. தாங்க முடியாத அந்தச் சில வாரங்களைக் கடக்கத்தான் இந்தப் பட்டை.

நம் ஜிம்மில் தொங்கும் ரப்பர் பேண்டுகள் தோள் பயிற்சிக்கு வாங்கியவை. தொடையில் முடிச்சுப் போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். லிஃப்டில் மட்டும் கேட்காதீர்கள். மூன்று மாடிக்குள் என்னால் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை.