ஊதியச் சீட்டில் உரிமை எது, கருணை எது?

(தோட்டப் பகுதித் தோழர்களுக்கான வகுப்பு உரை)

தோழர்களே,

2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள் வீதிக்கு வந்தனர். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்ட அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் விலக்கியே வைத்தனர். இடதுசாரிச் சங்கங்களும் மறக்கக்கூடாத பாடம் அது. போராட்டத்தின் முடிவில் அவர்கள் கேட்ட 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்த மாதம் நாட்கூலியை 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்த்தவும் முடிவாயிற்று.

ஆயினும் அந்த 20 விழுக்காடு இரண்டு பெயர்களில் எழுதப்பட்டது: போனஸ் 8.33, எக்ஸ்கிரேஷியா எனும் கருணைத்தொகை 11.67. போனஸ், 1965ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. லாபமோ நட்டமோ, சட்டம் குறிக்கும் வரம்புக்கு உட்பட்டு, ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தே தீர வேண்டும். கருணைத்தொகையோ நிர்வாகம் விரும்பித் தந்ததாகக் கணக்கில் ஏறுவது. அடுத்த ஆண்டு சட்டத்தைக் காட்டி அதைக் கேட்க இயலாது. கைக்கு வந்த பணம் ஒன்றுதான்; அதன் பெயரில்தான் வேறுபாடு இருக்கிறது.

நெல்லியாம்பதி முதல் மூணாறு, பீர்மேடு வரை, ஊதியச் சீட்டை இந்தக் கண்கொண்டே படிக்க வேண்டும்.

முதலில் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும். வருங்கால வைப்பு நிதி, போனஸ், பணிக்கொடை மூன்றும் இவற்றின் மீதே கணக்கிடப்படுகின்றன. உயர்வைப் பிற படிகளாகப் பெற்றால் இன்று கை நிறையும், ஓய்வு பெறும் நாளில் குறையும். தொழிற்சங்கங்கள் எதிர்த்துவரும் நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும், விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்தது வைப்பு நிதி. நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 26 நாள் உழைத்தவரின் ஊதியம் 10,400 ரூபாய் என்று கொள்வோம். அதில் 12 விழுக்காடு, 1,248 ரூபாய், பிடிக்கப்படும். நிர்வாகமும் அதே அளவு செலுத்த வேண்டும். நிர்வாகத்தின் பங்கில் சுமார் 866 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும் எஞ்சியது தொழிலாளியின் கணக்குக்கும் செல்லும். பிடித்த பணத்தைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கியன்று. நம்பிக்கை மோசடிக் குற்றம்.

மூன்றாவது பணிக்கொடை. ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். மேற்சொன்ன தொழிலாளி 30 ஆண்டு உழைத்தால் 1,80,000 ரூபாய். அது 30 நாளுக்குள் தரப்பட வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. தேயிலை விலை சரிந்து பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, தொழிலாளர் இத்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை அப்பகுதித் தோழர்கள் அறிவர்.

இறுதியாக வருமான வரி. வைப்பு நிதிப் பிடித்தம் வரியன்று. இந்த ஊதியத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆனால் ஐந்தாண்டு நிறையுமுன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ வைப்பு நிதியை எடுத்தால் 10 விழுக்காடு வரி பிடிக்கப்படும். பான் எண் இல்லையெனில் 20. வரி வரம்புக்குள் இருப்பவர் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்னரே கொடுத்துவிட்டால் பிடித்தம் இராது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தேயிலையை விளைவித்துத் தயாரிக்கும் நிறுவனத்தின் வருமானத்தில் 60 விழுக்காட்டை விவசாய வருமானமாகக் கருதி, எஞ்சிய 40 விழுக்காட்டுக்கே மத்திய அரசு வருமான வரி விதிக்கிறது. கொழுந்து பறிப்பவரின் கூலியோ முழுவதும் ஊதிய வருமானமாகவே எண்ணப்படும்.

தோழர்களே, ஊதியச் சீட்டு தொழிலாளிக்குத் தெரியாத மொழியில் இருந்தால், பெருந்திரளாகப் போராடி வென்றதும் ஒரு சொல்லில் கைநழுவும். ஆகவே ஒவ்வொரு லயத்திலும் மாதம் ஒருமுறை அமர்ந்து, சீட்டைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டுவது கிளைகளின் கடமை. அடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதோடு, அது எந்தப் பெயரில் எழுதப்படுகிறது என்பதையும் தொழிலாளர்களே கேட்க வேண்டும்.