தம்பியின் முகம் காத்த அக்கா

(எமது பாடசாலையின் நூற்றாண்டு விழாவில், சித்திரப்பாட ஆசிரியையாகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தாருங்கள் என்று சங்கத்தினர் எல்லோரிடமும் கேட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தவை மிகச் சிலவே. விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, வகுப்புப் படம் எல்லாம் எடுத்தோம்தான். எங்கே என்று கேட்டால் பலரிடமிருந்தும் வரும் பதில் ஒன்று. “எல்லாம் அங்கை விட்டிட்டு வந்தது.” அங்கை என்றால் எங்கே என்று எங்களில் ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஆகவே இன்று பாடசாலையின் பெருமைகளைப் பேசும் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, நான் அல்பங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதிலும் ஒல்லாந்து நாட்டுப் பெண் ஒருவர் வைத்திருந்த மூன்று அல்பங்களைப் பற்றி.

ஒல்லாந்தர் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள், தோம்பு எழுதினார்கள், முல்லைத்தீவில் கோட்டை வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த 1658இல், ஒல்லாந்தின் ஸ்வொல்லே என்ற ஊரில், 26 வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டில் இருந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் பெயர் ஹெசினா தெர் போர்க். பிறந்தது 1631இல்.

அவருடைய தகப்பனார் இளமையில் இத்தாலி வரை சென்று ஓவியம் பயின்றவர். பின்னர் வரி அறவிடும் உத்தியோகம் பார்த்தார். ஆனாலும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சித்திரம் சொல்லிக் கொடுத்தார். ஒரு நல்ல பழக்கம் அவரிடம் இருந்தது. பிள்ளை வரைந்த தாளில் பெயரையும் திகதியையும் எழுதி வைப்பார். மூத்த தாரத்து மகன் ஹெரார்ட் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஓவியர் ஆனார். அவர் வரைந்த பட்டுச் சட்டைப் பெண்களை இன்றும் உலகம் வியந்து பார்க்கிறது. தம்பிமார் ஹார்மனும் மோசஸும் வரைந்தார்கள். ஹெசினாவும் வரைந்தார்.

அவருடைய முதலாவது அல்பம் 1646இல் தொடங்குகிறது. பதினான்கு, பதினைந்து வயது. இங்கே முன்வரிசையில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. அதில் பெரும்பாலும் அழகெழுத்துப் பயிற்சி. 1652இல் தொடங்கிய இரண்டாவது அல்பத்தில் பாடல்களையும் கவிதைகளையும் எழுதி, அவற்றுக்கு நீர்வர்ணத்தில் படம் வரைந்தார். மூன்றாவதை 1660இல் தொடங்கினார். அதில் தன் ஓவியங்களோடு வீட்டாரின் படைப்புகளையும் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து வந்தார். எழுத்து, கவிதை, காதலர், நாகரிக உடை, வீட்டுக் காட்சி, நகைச்சுவை என்று அவர் கை வைக்காத துறை குறைவு. அவர் திருமணம் செய்யவில்லை. படம் விற்றுச் சீவித்தவரும் அல்லர். அந்த மூன்றாவது அல்பத்தின் முகப்பில், மரணத்தை ஓவியக்கலை வெற்றிகொள்வதாக ஒரு படம் வரைந்து வைத்தார்.

அந்தப் படத்தை வரைந்தபோது தனக்கு என்ன வரப்போகிறது என்று அவர் அறிந்திருக்க மாட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1667 யூலையில், கடற்படையில் சேர்ந்திருந்த தம்பி மோசஸ் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகக் கோட்டைத் தாக்குதலில் உயிரிழந்தார். வயது 22. அந்த மண்ணிலேயே அடக்கம். ஹெசினாவும் அண்ணன் ஹெரார்ட்டும் சேர்ந்து தம்பியை ஒரு முழுப் படமாக வரைந்தார்கள். அவன் காலடியில் விசுவாசமான நாய்கள், பக்கத்தில் நிலையாமையைச் சொல்லும் மண்டையோடு. அத்தோடு, மோசஸ் சிறு பையனாக இருந்தபோது கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்த தாள்களும் அந்த வீட்டில் தவறாமல் பேணப்பட்டன.

ஹெசினா 1690இல் காலமானார். தங்கையின் வழிவந்தவர்கள் அந்த அல்பங்களையும் தாள்களையும் ஏறக்குறைய 200 ஆண்டுகள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். 1886இல் அவை ஏலத்துக்கு வந்தபோது அம்ஸ்ரடாமிலுள்ள ரைக்ஸ் அரும்பொருளகம் வாங்கியது. 2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, அந்த அரும்பொருளகத்தின் பிரதான மண்டபத்தில் முதன்முறையாகப் பெண் ஓவியர் மூவரின் படங்கள் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, அக்காவும் அண்ணனும் வரைந்த மோசஸின் படம்.

இன்னொரு ஒல்லாந்து ஓவியரையும் சொல்ல வேண்டும். எசையாஸ் பூர்சே. அவரும் ஹெசினா பிறந்த அதே 1631இல் பிறந்தவர். ஒல்லாந்தக் கம்பனியின் கப்பலில் இலங்கைக்கு வந்து, 1662இல் இங்குள்ள மனிதரைத் தம் வரைதற் புத்தகத்தில் வரைந்தார். அந்தப் புத்தகமும் அதே அரும்பொருளகத்தில்தான் இருக்கிறது. அருமையான படங்கள். ஆனால் அதில் இருக்கும் எங்கள் நாட்டுப் பெண் யார், எவருடைய பிள்ளை என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. மோசஸ் யார், எவருடைய தம்பி, எங்கே இறந்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கப்பலில் வந்து போகிறவர் வரைந்ததற்கும் வீட்டில் இருந்த அக்கா காத்ததற்கும் உள்ள வித்தியாசம் அது.

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், எனக்கும் ஒரு தம்பி இருந்தான்.

2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது, அம்மா எங்கள் அல்பங்களைப் பொலித்தீனால் சுற்றி, உரப்பைக்குள் போட்டு, கிணற்றடி வேம்புக்குக் கீழே தாட்டுவிட்டு வந்தா. என்னுடைய பழைய கொப்பி ஒன்றும் அதற்குள் போனது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, மாத்தளனில் தம்பியை இழந்தோம். அதன் பிறகு மெனிக் பாம் முகாம். 2010இல் காணிக்குத் திரும்பி அந்த இடத்தைத் தோண்டினோம். ஈரம் இறங்கி, படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லுப்போல ஆகியிருந்தன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன.

திவசத்துக்கு மாலை போட ஒரு படம் இல்லை. உறவினர் திருமணப் படம் ஒன்றில் பின்வரிசையில் நிற்கும் தம்பியைப் பெருப்பித்துப் பார்த்தோம். மூக்கும் கண்ணும் கலங்கிப் போயிருந்தன. அம்மா ஒருநாள் சொன்னா: “உவன்ரை முகம் எனக்கு மறந்து போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு, பிள்ளை.”

அப்போதுதான் அந்தக் கொப்பியை எடுத்து விரித்தேன். ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. ஆனால் நடுவில், குப்பி விளக்கின் முன்னால் குனிந்திருந்து படிக்கும் தம்பியைப் பென்சிலால் நான் வரைந்திருந்த படம் அப்படியே இருந்தது. பென்சில் கோடு தண்ணீரில் கரையாது. அம்மா கண்மூடும்வரை அந்தப் படத்துக்குத்தான் விளக்கேற்றினா.

அதிலும் ஒரு குறை. நான் திகதி எழுதவில்லை. 1996 இடப்பெயர்வுக்கு முன் வரைந்ததா, பின் வரைந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவன் ஐந்தாம் வகுப்புச் சோதனைக்குப் படிக்கிறான் என்பா அம்மா. எட்டாம் வகுப்பு என்பேன் நான். இப்போது கேட்பதற்கு அம்மாவும் இல்லை. அந்த ஒல்லாந்துத் தகப்பனார் செய்ததுபோல ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஆகவே என் சகோதரிகளே, தங்கச்சிமாரே, இந்த நூற்றாண்டில் உங்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், மெதுவான பென்சிலால், யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். கூட்டமாக நிற்கும் படமென்றால் இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பசைப் பக்கமுள்ள அல்பத்தில் ஒட்டாதீர்கள். ஆண்டுகள் போகப் படத்தைப் பழுதாக்குவது அந்தப் பசைதான். கைபேசியில் பிரதி எடுத்து, கனடாவிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

படமே இல்லாதவர்கள் கவலைப்படாதீர்கள். முகம் நினைவில் இருக்கும்போதே வரையுங்கள். வரைய வராவிட்டால் எழுதுங்கள். மரநிழலில் வகுப்பு நடந்த நாளில் பக்கத்தில் இருந்தவளின் பெயர், அவள் பின்னல் கட்டிய நாடாவின் நிறம், அது போதும்.

எங்கள் சங்கம் நூலகத்தில் ஒரு அல்பத்தைத் திறந்து வைத்திருக்கிறது. இன்று அதில் ஒரே ஒரு பக்கம் நிரம்பியிருக்கிறது. குப்பி விளக்கின் முன்னால் ஒரு பையன் படித்துக்கொண்டிருக்கிறான். கீழே அவன் பெயரை எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கு நேரே 1995 அல்லது 1998 என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கம் உங்களுடையது.