வெடிச் சத்தமும் அண்டை வீடும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீபாவளியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நரகாசுரன் கதையைக் குழந்தைகள் அறிவர்; கங்கா ஸ்நானத்தின் பெருமையைப் பாட்டிமார் அறிவர். ஆகவே தலைநகரில் குடியிருக்கும் நாம் ஆண்டுதோறும் படும் ஒரு தொல்லையைப் பற்றியே பேச விழைகிறோம். அதுதான் வெடிச் சத்தம்.

நம் தீபாவளி வைகறைத் தீபாவளி. சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தி வெடி கொளுத்துவது நம் வழக்கம். தில்லி மக்களுக்கோ அமாவாசை மாலையில் இலக்குமி பூசை முடிந்த பின்னரே விழாக் களைகட்டும். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் அமையும். 2018-இல் தமிழ்நாட்டில் நவம்பர் 6, இங்கே நவம்பர் 7. ஒரே நாளில் அமையும் ஆண்டுகளில், முதல்நாளே ‘சோட்டி தீவாளி’ என்று நள்ளிரவுவரை வெடித்துவிட்டு அவர்கள் கண்ணயரும் வேளையில் நமக்குப் பொழுது விடிந்துவிடுகிறது! இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் தவிப்பவர்கள் இதய நோயாளிகளும் கைக்குழந்தைகளுமே. கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாயையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

குடியிருப்புப் பகுதியில் இரவில் ஒலி 45 டெசிபலுக்கு மிகலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் விதி. வெடிக்கோ, 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை 1999-ஆம் ஆண்டின் விதி இடம் தந்தது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். முன்னது சராசரிக் கணக்கு, பின்னது கண நேர ஒலி. இரண்டையும் நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் உறக்கம் கலைவதற்கு அந்தக் கண நேரமே போதுமன்றோ? அதிலும் நான்கு மாடிக் கட்டடங்கள் சூழ்ந்த முற்றத்தில் வெடித்தால், ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது.

சட்டம் இல்லாமலில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் இரவு 8 முதல் 10 வரை என்று நேரத்தைக் குறுக்கியது, சரவெடியையும் தடுத்தது. எங்கள் பண்டிகை விடியற்காலையில் அல்லவா என்று தமிழ்நாடு முறையிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அங்கே வகுத்தனர். தில்லியிலோ முழுத்தடை சில ஆண்டுகள் இருந்தது. 2025 அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் தீபாவளியன்றும் அதன் முன்னாளும் காலை 6 முதல் 7, இரவு 8 முதல் 10 என்று அனுமதி கிடைத்தது. பசுமைப் பட்டாசு புகையைக் குறைக்குமேயன்றி ஊமை வெடியன்று.

சத்தத்தைக் குறை கூறினால் சிவகாசித் தொழிலாளர் வயிற்றில் அடிப்பதாகும் என்பார் உளர். இங்கே வெடிப்பனவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதே. செய்பவர்கள் நம் மொழி பேசும் ஏழைகள். விபத்தில் மாள்பவர்களும் அவர்களே. அத்தொழில் அழிய வேண்டுமென்பது நம் கருத்தன்று. மத்தாப்பும் பூவாணமும் சங்குசக்கரமும் செய்பவை அதே கைகள்தாம்.

போலீசுக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. ஆயின் குழாயில் நீர் வராத நாளில் வாளி கொடுத்து உதவுபவரும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு வண்டி எடுப்பவரும் அந்த எதிர்வீட்டாரே. வேற்று மொழி பேசும் சிறு கூட்டமாக வாழும் நமக்கு அந்த உறவு பெரிது. எனவே வெடி கிளம்பிய பின் சன்னலைத் திறந்து கூவுவதைவிட, பத்து நாள் முன்னரே குடியிருப்போர் சங்கத்தில் பேசுவது நலம். திறந்த மைதானம் ஒன்றையும் நேரத்தையும் அங்கே குறிக்கலாம். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் பிள்ளைபெற்றவள் என்று தெரிவிக்கலாம். பேச்சைத் தொடங்குவதற்கு நம் கையில் ஒரு பொருள் இருக்கிறது: நாலு மணி வெடியை ஆறு மணிக்குத் தள்ளிக்கொள்கிறோம் என்று நாமே முதலிற் சொல்லலாம். நீராட்டம் நாலு மணிக்கே நடக்கட்டும். எண்ணெய்க்குச் சத்தம் கிடையாது.

முறுக்கும் அதிரசமும் எப்படியும் அண்டை வீடுகளுக்குப் போகின்றன. இம்முறை பட்சணத் தட்டு பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே போகட்டும்; கொண்டுசெல்லும் தாய்மார்கள் நேரத்தையும் சொல்லி, அவர்கள் நேரத்தையும் கேட்டு வாருங்கள்.