இயந்திரம் சிறியது; பொறுப்பு பெரியது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை)



நீரிழிவு நோயாளி ஒருவர் காலையில் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைக்கிறார். சில விநாடிகளில் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. அதை நம்பித்தான் இன்சுலின் எவ்வளவு போடுவது என்று முடிவு செய்கிறார். கருவி உண்மை அளவுக்கு மேல் காட்டினால், தேவைக்கு அதிகமாக இன்சுலின் போட்டுக்கொண்டு அவர் மயங்கி விழ நேரிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசோதனைக் கருவிகளை அரசாங்கம் ஏன் கண்காணிக்கிறது என்பதற்கு இந்த ஒரு துளி இரத்தமே போதுமான விளக்கம்.

மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம், 2013 ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்தது. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் மருத்துவச் சாதன ஆணையம் இதனை அமல்படுத்துகிறது. பதிவு பெறாத சாதனத்தை இறக்குமதி செய்தால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சாதனங்கள் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகைப்படும். இங்குதான் பலர் தவறிவிடுகிறார்கள். பெரிய இயந்திரம் என்றால் பெரிய வகை என்று நினைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையையே அடைத்து நிற்கும் பகுப்பாய்வு இயந்திரம் 'ஏ' வகையில் அடங்கலாம். வீட்டில் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கும் சிறு பட்டையோ 'சி' வகை. தான இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறியும் சோதனைப் பொருள் 'டி' வகை. உருவமல்ல, தவறான முடிவால் விளையும் கேடுதான் வகையைத் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டு உற்பத்தியாளர் மலேசியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். அந்தப் பிரதிநிதியே சாதனத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கிறார். பிரதிநிதி, இறக்குமதியாளர், விநியோகிப்பாளர் ஆகியோருக்கு ஆணையத்தின் உரிமமும் தேவை. எக்ஸ்ரே இயந்திரமானால் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் குறுக்கே வரும்.

ஆனால் நடப்பது என்ன? வெளிநாட்டுக் கண்காட்சியில் மலிவான கருவியைப் பார்த்ததும் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். விற்பவர் ஐரோப்பியச் சான்றிதழைக் காட்டி, "இது போதும்" என்கிறார். அந்தச் சான்று பதிவுக்குத் துணை நிற்குமே தவிர, பதிவுக்கு மாற்றாகாது. சிங்கப்பூரில் பதிவானது என்பதும் அப்படித்தான். ஜோகூர் பாலத்தைக் கடந்தால் சட்டம் வேறு. சரக்கு கிள்ளான் துறைமுகத்தில் முடங்கினால் வாடகை ஏறும். வெப்பமும் ஈரப்பதமும் ஆகாத சோதனைப் பட்டைகள் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும். பிறகு அனுமதி கிடைத்தும் பயனில்லை. ஆகவே முதலில் பதிவு, பிறகு பணம் என்பதே வியாபாரிக்கு நல்லது.

விற்றதோடு பொறுப்பு முடிவதில்லை. யாருக்கு விற்கப்பட்டது என்ற பதிவேடு இருக்க வேண்டும். ஒரு தொகுதிப் பட்டைகளில் கோளாறு என்று தெரிந்தால், அவற்றைத் திரும்பப் பெற அந்தப் பதிவேடுதான் வழிகாட்டும். பதிவேடு இல்லையென்றால் அந்தப் பட்டைகள் எந்த வீட்டு மேசையில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

சிறு வியாபாரிகளுக்கு இந்தக் கட்டணமும் ஆவணங்களும் சுமையாகத் தோன்றுவது இயல்பே. அந்தக் குறையைச் சங்கங்கள் வழியாக ஆணையத்திடம் எடுத்துச் சொல்லலாம். குறுக்கு வழி மட்டும் வேண்டாம்.

வாங்குவோருக்கும் கடமை உண்டு. 2021 ஜூலையில்தான் கோவிட் சுயபரிசோதனைக் கருவிகளுக்கு இங்கு நிபந்தனையுடன் முதல் அனுமதி கிடைத்தது. அப்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்து, அனுமதி பெற்றதா என்று கேட்டு வாங்கப் பலர் பழகினர். அந்தப் பழக்கம் சர்க்கரைக் கருவிக்கும் இரத்த அழுத்தக் கருவிக்கும் தொடரட்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். தாய் தந்தையருக்கு வாங்கித் தரும் கருவிக்கு அந்தச் சில நிமிடங்களைச் செலவிடுவது வீணல்ல.