மணலுக்குள்ளே இருக்கிற தண்ணி
(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் தலைவி பேசியது)



இன்றைக்கு நம்ம முன்னால் ஒரு கடன் மனு இருக்கு. ராமேஸ்வரம் வருகிற பயணிகள் தங்குவதற்கு ஆறு ரூம் கட்ட, மூன்று குழுக்கள் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்த பிறகு தனுஷ்கோடிக்கு வருகிற கூட்டத்தை நீங்களே பார்க்கிறீர்கள். முன்னே ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கிக்கொண்டு போனவர்கள், இப்போது காரில் நேராகப் போய் இறங்குகிறார்கள். அந்த வருமானத்தில் நமக்கும் பங்கு வேணும்னு கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் மனுவில் ஒரு வரி என்னை உறுத்துது. ‘புதிய போர்வெல் ஒன்று.’

ராமநாதபுரம் சீமைன்னாலே வறட்சிதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்டணும். நம்ம தீவில் அந்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்குது. நல்ல தண்ணிக்கு எடை குறைவு, அவ்வளவுதான். தனுஷ்கோடியில் பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அதிசயம் என்கிறார்கள்!

கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணி இருக்கும் என்று நிலத்தடி நீர் படித்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இதையே திருப்பிப் பாருங்க. மோட்டார் ஓட்டி ஓட்டி மேலே ஒரு அடி குறைஞ்சா, உப்பு 40 அடி மேலே ஏற வழியாயிடும். ஊற்றில் மொண்டு எடுத்தால் மேல் தண்ணிதான் வரும். போர் ஆழத்திலிருந்து உறிஞ்சும்.

எங்கள் தெருவில் ஒரு விடுதிக்கு ரெண்டு போர் போட்டார்கள். மூணாவது கோடையில் எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகலை. இன்றைக்கும் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குறோம். விடுதிக்காரர் லாரித் தண்ணி வாங்கி அதையும் வாடகையில் சேர்த்துக்கிட்டார். நாம யார்கிட்டே சேர்க்கிறது?

அதனால் சுற்றுலாவே வேண்டாம்னு சொல்லலை. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புகிறவர்கள் நிறைய. நம்ம பக்கமும் குளிர்காலத்தில் பூநாரை வருது. 2025இல் தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தது. பகலில் வந்து போகிறவருக்கு மீன் சாப்பாடு போடலாம், பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி விற்கலாம். (பவளப்பாறையை மட்டும் கடையில் வைக்காதீங்க, வனவிலங்குச் சட்டத்தில் கேஸ் ஆகும்.) சாப்பிட்டுப் போகிறவருக்கு எத்தனை குடம், குளித்து, துவைத்து, ராத்தங்குகிறவருக்கு எத்தனை குடம்னு தண்ணி சுமக்கிற நமக்குத் தெரியாதா?

‘ரூமில்தானே அக்கா காசு’ என்று பின்னால் ஒரு குரல் கேட்குது. உண்மைதான். சாப்பாட்டில் அவ்வளவு நிக்காது, நான் மறைக்கலை. ரூம்தான் வேணும்னா ஆறை ரெண்டாகக் குறைச்சு, கூரை மழைத்தண்ணி பிடிக்கத் தொட்டி முதலில் கட்டுங்க. போர் இல்லாமல் மனுவைத் திருத்திக் கொடுத்தால் நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுறேன்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் உங்க தெருவில் எத்தனை போர் இருக்கு, எந்தக் கிணறு எந்த வருஷம் உப்பாச்சுன்னு நோட்டில் எழுதிக்கிட்டு வாங்க. அதைப் படித்த பிறகு மனுவை எடுத்துக்குவோம்.