சுமையும் நுகத்தடியும்



விவிலியக் குறியீடுகள் அகவளர்ச்சிக்கு எவ்வாறு வழிகாட்டுகின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒளி, உப்பு, விதை, திராட்சைக் கொடி என்று பட்டியல் நீளும். நான் சுமை என்ற ஒன்றோடு நின்றுகொள்கிறேன். ஐப்பசி மழையில் மணியாச்சிக் கரிசற்காட்டில் நடந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். அடிக்கு அடி மண் காலில் அப்பும். பத்தடி போவதற்குள் பாதம் கல்லாய்க் கனக்கும். உதறினால் போகாது, நின்று குச்சியால் சுரண்டவேண்டும். அந்தப் பாரத்தை எவரும் நம்மேல் ஏற்றவில்லை. நிலமும் நம்முடையது, நடையும் நம்முடையது. 38ஆம் சங்கீதம் குற்றங்களைத் தாங்கவொண்ணாப் பாரமாகப் பேசுமிடத்தில் எனக்கு இம்மண்ணே நினைவுக்கு வருகிறது.

இப்பாரத்தை முதுகில் ஏற்றி ஒரு மனிதனை நெடுவழி நடக்கவிட்டவர் ஜான் பனியன். 1678இல் வெளிவந்த அவரது நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். நம் சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டம், அவரைப் படிக்காமலே வணங்கிவிட்டுப் போகத்தான் நமக்கு உதவிற்று.

பனியன் கதையில், சிலுவையைக் கண்ட பயணியின் பாரம் தானே கழன்று உருண்டுவிடுகிறது. கதை அங்கே முடிந்திருக்கவேண்டும் என்று முதல் வாசிப்பில் எண்ணினேன். முடியவில்லை. பாதிக்கு மேற்பட்ட வழி இனிமேல்தான். செங்குத்து மலை, அரக்கன், ஐயக்கோட்டை யாவும் சுமை இறங்கியவனுக்கே எதிர்ப்படுகின்றன. கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றது 1858இல். காவியம் நூலானது 1894இல். இடையில் 36 ஆண்டுகள்.

மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் இறுதியைப் பாருங்கள். பாரம் சுமப்போரை இளைப்பாற அழைக்கும் இயேசு, அழைத்த கையோடு தம் நுகத்தை ஏற்கவும் சொல்கிறார். சுமை இறக்கியவன் கழுத்தில் நுகமா? கற்றோர் திகைக்கலாம், நம்மூர்ச் சம்சாரி திகைக்கமாட்டார். பொதியை ஒற்றை மாடு சுமக்கும். ஏர் பூட்ட நுகத்தடியில் இரண்டு வேண்டும். தனிமையிலிருந்து துணைக்கு மாறுவதாகவே நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். இறையியலார் ஒப்புவார்களா, அறியேன்.

ஒரு முழ வரப்புக்காக நானும் என் தம்பியும் பதினோர் ஆண்டுகள் பேசாதிருந்தோம். அம்மாவின் இழவு வீட்டிலும் பேசவில்லை. பின்னர் ஒரு மாலையில் அவன் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். இறங்கிவிட்டது. ஆனால் மறுநாள் அவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவன் பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொன்னேன். பழையபடி சேர்ந்து விதைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. இந்நூல் எனக்குத் தேவைப்பட்டது அந்த மூன்று ஆண்டுகளில்தான்.

கவிஞர்களாகிய நாம் பாரம் இறங்கும் கணத்தைப் பாடிவிட்டு எழுதுகோலை மூடிவிடுகிறோம். கிருஷ்ண பிள்ளையோ தம் ஐந்து பருவங்களுள் ஆரணிய பருவம் என்றும் ஒன்று வைத்தார். வரும் மாதக் கூட்டங்களில் அதைப் படலம் படலமாக வாசிக்கலாம் என்பது என் வேண்டுகோள். பிரதி ஒன்று என்னிடம் உண்டு. அட்டை கிழிந்திருந்தது; தம்பிதான் பசை தடவி ஒட்டித் தந்தான்.